காட்டு மாப்பிள்ளையின் வீடு

லமேக் செத்த மறுநாள் காலையில் அவனுடைய தங்கை ஃபலேசி ஒரு லாரி பிடித்துக்கொண்டு பிணத்தை எடுத்துப்போக வந்தாள். அதில் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பக்கம் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஒரு கோடாலி, ஒரு பாய், அவ்வளவுதான் அவன் கொண்டுபோவது. அங்கே வீடு கட்டுவான், சோளம் போடுவான், பிள்ளை பெறுவான். நிலம் பெண்ணுடையது. பிள்ளைகள் விஷயத்தில் பெண்ணின் அண்ணன் தம்பி சொல்வதுதான் சட்டம். அவன் செத்தால் அவனுடைய ஆட்கள் வந்து உடம்பைத் தூக்கிப் போய், அவன் அம்மா படுத்திருக்கும் மயானத்தில் போடுவார்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

நானும் இந்தக் கம்வேசோ ஊருக்கு அப்படி வந்தவன்தான். சோளம் அரைக்கிற டீசல் மில் வைத்திருப்பதால் என் பெயர் மில்லு மாப்பிள்ளை. லமேக் காட்டு மாப்பிள்ளை.

அன்று காலை லாரி வந்து நின்றதும், ஃபலேசி இறங்குவதற்கு முன்பே, லமேக்கின் மச்சான் ஸகேயு போய் அதன் முன்னால் நின்றுகொண்டான். லமேக்கின் மனைவி எஸலினாவுக்கு அண்ணன். அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் தலை.

"தள்ளுங்க அண்ணே. சாவு வீட்டு வாசலைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க," என்றான் டிரைவர்.

"தள்ளறேன். தாயி இறங்கி வரட்டும். ஒரு வார்த்தை இருக்கு."

அந்த ஒரு வார்த்தை என்னவென்று எனக்கு விடியும்போதே தெரியும். தெரிந்தும் அவன் கேட்பான் என்று நான் நம்பவில்லை.

ஊருக்குப் பின்னால் சிசுவா மலை. மலை என்றால் பெரிய மலையில்லை, ஏறி இறங்க மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நான் இங்கே வந்த காலத்தில் பாதி மலை மொட்டையாக இருந்தது. கரி சுடுகிறவர்கள் தின்றிருந்தார்கள். லமேக் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. வெட்டிய அடிமரத்தில் கற்றையாகத் தளிர் கிளம்பும். அதில் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழிப்பான். வெயில் முற்றுவதற்கு முன் மலையைச் சுற்றி அகலமாக ஒரு பட்டை கொத்தி, புல் பொசுக்கி, சருகைக் கூட்டி வழித்துவிடுவான். பள்ளத்தாக்கில் எலி பிடிக்கிற பையன்கள் வைக்கிற தீ அந்தத் தீக்கோட்டைத் தாண்டாது. முதல் வருஷம் தனியாகக் கொத்தினான். பிறகு எஸலினா போனாள். பிறகு பெண்கள் எல்லோரும் போனார்கள். காரணம் எளிது. நின்ற காட்டில் காளான் வந்தது. மசுக்குப் பழம் கூடை கூடையாக விழுந்தது. ஓடையில் வெயில் காலம் முடியும்வரை தண்ணீர் நின்றது.

ஸகேயு மட்டும் மண்வெட்டி எடுக்கவில்லை. வாய் எடுத்தான்.

"என்ன சேவலு, மலையெல்லாம் பெருக்கியாச்சா? என் வீட்டு வாசலும் குப்பையா கிடக்கு."

பெண் வீட்டில் வந்து வாழ்கிற ஆணைச் சேவல் என்பார்கள். கூவும், பெட்டைகளோடு திரியும், கூண்டு அதற்குச் சொந்தமில்லை. லமேக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"காடு உங்களோடது மச்சான். வேலை மட்டுந்தான் என்னோடது. அதையும் புடுங்கிக்காதீங்க."

மத்தியானச் சாப்பாட்டை மலை மேலேயே சாப்பிடுவான். மாமியார் எதிரில் மாப்பிள்ளை வாயைத் திறந்து மெல்லக் கூடாது. லமேக்கின் மாமியார் வீடு அவன் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆகவே மனிதன் களியையும் கீரையையும் துணியில் கட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவான். ஒரு பெரிய லோம்ப்வா மரம், அதன் அடியில் தட்டைப் பாறை. மாமியார் செத்துப் பல வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த மலைக்கு அடியில் வெள்ளைக் கல் இருக்கிறதாம். சிமெண்டுக்கு ஆகுமாம். கம்பெனியிலிருந்து சிர்வா என்று ஒருவர் வந்தார். வடக்கு மாவட்டத்துக்காரர். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். மாமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"மலையில யாரும் குடியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் ஊர்த் தலைவர்.

"மயானம் இருக்கா? கல்லறை இருந்தா நாங்க கை வைக்க மாட்டோம். செத்தவங்க சொந்தக்காரங்க மனசார ஒத்துக்கிட்டாதான் நகர்த்துவோம்."

"மயானம் ஆத்தங்கரையில இருக்கு."

"அப்ப சுலபம்," என்றார் சிர்வா.

கம்பெனி வந்தால் வேலை வரும், ரோடு வரும், கிளினிக் வரும். தலைவர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லமேக் என் விலாவில் இடித்தான்.

"மில்லு, நீ எந்திரிச்சுப் பேசேன்."

"ஏன், நான் மட்டும் இந்த ஊர்ல பொறந்தவனா? நீயும் சேவல், நானும் சேவல். உக்காரு."

எழுந்தது ஸகேயு. அவனுக்கு நில விஷயத்தில் பேச உரிமை உண்டு.

"ஐயா, எல்லாம் சரி. காளானுக்கு என்ன தருவீங்க?"

"எதுக்கு?"

"காளானுக்கு. மழை மாசத்துல, பழைய சோளம் தீந்து புது சோளம் வராத காலத்துல, எங்க வீட்டுப் பொம்பளைங்க மலையிலேருந்துதான் கொண்டாருவாங்க. அதுக்கு."

சிர்வா கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். அதில் காளான் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் மலை மரங்களில் சிவப்பு நாடா கட்டினார்கள். மழைக்காலம் முடிந்ததும் இயந்திரம் வரும் என்றார்கள்.

லமேக் வழக்கம்போலத் தீக்கோடு கொத்தப் போனான். எனக்கே எரிச்சல் வந்தது.

"வெட்டப்போற காட்டுக்கு எதுக்குடா இந்தப் பாடு?"

"வெட்டற அன்னிக்கு வெட்டிக்கட்டும். அதுவரைக்கும் எரிய வேண்டாம்ல."

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். ஒரு நாள் சாயங்காலமாகியும் இறங்கி வரவில்லை. தேடிப் போனது ஸகேயு. லோம்ப்வா மரத்தடியில், பாறையில் சாய்ந்தபடி, மண்வெட்டி மடியில் கிடக்க, உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தான். ஸகேயு அவனை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான். என் மில் வாசலுக்கு வந்ததும் அவனுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. மாவுத் தூசியில் இரண்டு பேரும் வெள்ளையாகக் கிடந்தார்கள்.

விடியற்காலையில் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மில்லு மாப்ள. மலையில கல்லறை இல்லன்னுதானே அந்த ஆளு சுலபம்னான்?"

"அதுக்கு?"

"இருந்தா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "நம்ம ஊர்க்காரன் யாரையாச்சும் போடறதுன்னா சரி. இவனைப் போட நீ யாரு? இவன் அவங்க ஊர்ப் பொணம்."

"அதான்டா வேணும். நம்ம ஊர்ப் பொணத்தைப் போட்டா, தலைவர் நம்ம எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுத் தலையாட்ட வச்சிருவாரு. இவன் உடம்புல தலைவருக்கும் பங்கில்ல, எனக்கும் பங்கில்ல. ஆத்துக்கு அக்கரையில இருக்கிற ஒரு பொம்பள சம்மதிக்கணும். அந்தப் பொம்பளைக்கு எங்க தலைவரைத் தெரியவும் தெரியாது."

அந்தப் பொம்பளைதான் இப்போது லாரியிலிருந்து இறங்கினாள். குட்டையான கனத்த உடம்பு. ஏரிக்கரையில் கருவாடு வாங்கி விற்கிறவள். பின்னால் அவளுடைய தாய்மாமன் பென்சுலோ, அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு.

ஸகேயு தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டினான். மரியாதைக்கு அப்படித்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவன் இவ்வளவு தாழ்ந்து தட்டி யாரும் பார்த்ததில்லை.

"தாயி, எங்க மச்சானை எங்களுக்கே குடுத்துட்டுப் போங்க. மலையில போட்டுக்கறோம்."

பென்சுலோவுக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்டிருக்காது என்று நினைத்தோம். கேட்டுவிட்டது.

"என்னா? என்னா கேக்கறான் இவன்? உழைச்சு உழைச்சுப் போட்டானே, அது போதலையா? எலும்பும் வேணுமா உங்களுக்கு? நத்தோலோ ஊர்ல நாங்க தலை நிமிந்து நடக்க வேணாமா? பிள்ளையைப் பொண்டாட்டி வீட்டுல விட்டுட்டு வந்தோம்னு ஊரே காறித் துப்பும்."

"மாமா, கொஞ்சம் இருங்க," என்றாள் ஃபலேசி. ஸகேயுவைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

அவன் ஒளிக்கவில்லை. கம்பெனி, வெள்ளைக் கல், சிவப்பு நாடா, சிர்வா சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆக, எங்க அண்ணனை வேலியா நடப் போறீங்க."

"ஆமா தாயி. வேற மாதிரி சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்."

"போன பண்டிகைக்கு வந்திருந்தான். மீன் ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னான். 'பிள்ள, நான் செத்தா லாரியச் சீக்கிரம் அனுப்பு. உசிரோட இருக்கிறவரைக்கும் மாப்பிள்ளையா குந்திக் குந்தி முட்டி தேஞ்சு போச்சு. செத்ததுக்கப்புறமாச்சும் நான் காலை நீட்டணும்'னான்."

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அது அப்படியே லமேக்கின் குரல். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் பிணத்தருகே பாயில் இருந்த எஸலினா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நெசந்தான். எங்கிட்டயும் அதான் சொல்லுவாரு. எங்க அண்ணன் கேக்கறது அவர் ஆசைக்கு விரோதம். அதைத் தெரிஞ்சே கேக்கறான். நீ தூக்கிட்டுப் போனா நான் தப்பா நெனைக்க மாட்டேன் ஃபலேசி."

ஸகேயு தங்கையை முறைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"மாமா, பாயை லாரியில விரிக்கச் சொல்லுங்க," என்றாள் ஃபலேசி. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஸகேயு குந்திய இடத்திலிருந்து எழவில்லை. அவள் அவனைத் தாண்டி இரண்டடி வைத்து நின்றாள். "அவன் செத்த எடம் எது?"

"மலை மேல."

"அதைப் பாத்துட்டுத்தான் போகணும். கூட்டிட்டுப் போங்க."

நாங்கள் ஏறினோம். மழைக்கு முன்பே தளிர்விடுகிற காடு அது. மலை முழுக்கச் செம்பும் சிவப்புமாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கு எரிந்து கறுத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் லமேக் கொத்திய கோடு, வீட்டுக்கூடம் மாதிரி சுத்தமாக ஓடி, ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது. அதற்கு மேல் புல். ஃபலேசி அந்த இடத்தில் நின்று பார்த்தாள்.

லோம்ப்வா மரத்தடியில் அவனுடைய துணி மூட்டை அப்படியே கிடந்தது. ஸகேயு தூக்கிவந்த அவசரத்தில் அதை விட்டிருந்தான். களியை எறும்பு மொய்த்திருந்தது. பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. கால் நீட்டுகிற பக்கம் புல் முளைக்கவில்லை.

"இங்கயா சாப்பிடுவான்?"

"தெனமும்," என்றாள் எஸலினா. "எங்கம்மா இருந்தப்ப ஆரம்பிச்சது. அப்புறம் விடவே இல்ல. 'கீழ சாப்பிட்டா தொண்டையில நிக்குது, இங்கதான் எறங்குது'ம்பாரு."

"காலை நீட்டிக்கிட்டா?"

"காலை நீட்டிக்கிட்டுத்தான்."

ஃபலேசி பாறையில் உட்கார்ந்தாள். அவளும் காலை நீட்டினாள். அவள் தலைக்கு மேலே மரத்தில் சிவப்பு நாடா தொங்கியது. பென்சுலோ பொறுமையில்லாமல் செருமினார்.

எஸலினாதான் பேசினாள். அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை அவள் சொன்னாள்.

"இன்னொண்ணும் இருக்கு. எல்லாரும் கேட்டுக்கங்க. இவரை இங்க போட்டா இது மயானம். மயானத்துல யாரும் சுள்ளி ஒடிக்க மாட்டாங்க, பழம் பொறுக்க மாட்டாங்க. காளானைக் கண்ணால பாக்கக்கூட மாட்டாங்க. காடு நிக்கும், நம்ம கூடை காலி. அண்ணா, நீ கூட்டத்துல காளானுக்கு என்ன தருவேன்னு அந்த ஆளைக் கேட்டியே. இப்ப நீ என்ன தருவே?"

ஸகேயு மரத்தில் தொங்கிய சிவப்பு நாடாவை அண்ணாந்து பார்த்தான்.

"காடாவது நிக்கட்டும்மா," என்றான் கடைசியில். "ஓடையாவது ஓடும்."

அவள் யோசித்தாள். "நிக்கட்டும்," என்றாள். "அவர் வளத்தது."

ஃபலேசி எழுந்தாள். "மாமா, இவன் வீடு இது. நாம நத்தோலோவுக்குக் கொண்டுபோனா, வீட்டுலேருந்து வெளிய எடுத்துப் போற மாதிரி ஆயிடும்."

"ஊர்ல என்ன சொல்லுவேன் நான்?"

"நான் சொல்லிக்கறேன். உங்க கோட்டைப் பிடிச்சு எவனும் இழுக்க மாட்டான்." ஸகேயுவின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. இங்க அவன் மாப்பிள்ளையா படுக்க மாட்டான். அவன்தான் மொதல்ல வரான். அப்ப இந்த மயானத்துக்கு அவன்தான் வீட்டுக்காரன். நாளைக்கு உங்க ஆள் யார் செத்தாலும், குழி வெட்டறதுக்கு முன்னாடி அவன்கிட்ட உத்தரவு கேக்கணும். நீங்க கேக்கணும். இதே மாதிரி குந்தி, இதே மாதிரி கை தட்டி."

எங்கள் வழக்கத்தில் உள்ளதுதான். எந்த மயானத்திலும் முதலில் படுத்தவர் பெயரைச் சொல்லித்தான் மண்வெட்டியை இறக்குவார்கள். அந்தப் பெயர் ஒரு மாப்பிள்ளையின் பெயராக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஸகேயு அங்கேயே குந்தினான். கை தட்டினான்.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே ஆரம்பிக்கறேன்," என்றான்.

கரட்டு மண். குழிக்காரர்கள் மத்தியானம்வரை வெட்டினார்கள். வந்த லாரியில் ஃபலேசியும் பென்சுலோவும் காலி பாயோடு திரும்பிப் போனார்கள். ஊர்ப் பெண்கள் லாரிக்குப் பின்னால் ஆறுவரை நடந்தார்கள். என்ன சொல்லி நன்றி சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி தன் கோழியைப் பிடித்து லாரிக்குள் திணித்தாள். ஃபலேசி அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதமே ஊரில் ஒரு கிழவர் செத்தார். ஸகேயுவுக்குத் தாய்வழியில் ஒன்றுவிட்ட மாமன், இந்த ஊரிலேயே பிறந்தவர்; ஒற்றை மேடு மயானமாகாது என்று, ஆற்றங்கரையை விட்டு அவரையும் மலையிலேயே போட ஏற்பாடு செய்தான். குழிக்காரர்கள் மண்வெட்டியோடு மலையில் நின்றார்கள். எல்லோரும் ஸகேயுவைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி, லமேக்கின் கல்லறை மேட்டின் முன்னால் குந்தி, கை தட்டினான்.

"மச்சான், எங்க மாமா வந்திருக்காரு. கொஞ்சம் எடம் குடுங்க." மேட்டில் விழுந்திருந்த சருகு ஒன்றைத் தள்ளினான். "ரொம்பப் பேசுவாரு. பொறுத்துக்கங்க."

சிர்வா வந்து இரண்டு மேடுகளையும் பார்த்தார். கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனார். சில வாரம் கழித்து மறுபடி கூட்டம் போட்டார். முகம் மலர்ந்திருந்தது. தலைவர் பேச்சைத் தட்டாமல் செத்த கிழவரின் குடும்பம் ஒத்துக்கொண்டுவிட்டது. ஸகேயு எதிர்பார்த்ததுதான்.

"லமேக் ஐயா விஷயத்துலயும் சம்மதம் வாங்கிட்டோம். லிலோங்வே டவுன்ல வேலை பாக்கற அவரோட மூத்த மகனைப் போய்ப் பாத்தேன். மரியாதையா வேற எடத்துல அடக்கம் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவி, தலைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். சிர்வா ஒன்றும் புரியாமல் நின்றார். அவருடைய வடக்கில் அப்பன் சொத்து, அப்பன் பெயர், அப்பன் கல்லறை எல்லாம் மகனுடையது. மனிதர் தன் ஊர் நியாயப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஸகேயு எழுந்து பொறுமையாகச் சொன்னான். "ஐயா, அந்தப் பையன் எங்க வீட்டுப் பையன். அவன் அப்பன் பொணம் அவங்க வீட்டுப் பொணம். எனக்கப்புறம் என் மாடு மருமவன் அவனுக்குத்தான்; அவன்கிட்ட நீங்க அதை விலை பேசியிருந்தாக்கூட ஒரு ஞாயம் இருந்திருக்கும்."

"அப்ப யாரைக் கேக்கணும்?"

எல்லோரும் ஆற்றைக் காட்டினார்கள்.

போனார். அங்கே நடந்ததை ஃபலேசி பிற்பாடு சொன்னாள். உட்கார வைத்து, சோளக் கஞ்சி கொடுத்து, வறுத்த கருவாடு கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டாளாம். கேட்டுவிட்டுச் சொன்னாளாம்:

"எங்க அண்ணன் வயசான காலத்துல இப்பதான் சொந்தமா ஒரு வீட்டுக்குக் குடி போயிருக்கான். போன உடனேயே காலி பண்ணுன்னா எப்படிங்க? இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தட்டுமா?"

அவர் மூன்று தரம் போனார். மூன்று தரமும் கஞ்சி குடித்துவிட்டு வந்தார். கடைசியில் கம்பெனி மலையின் வடக்குப் பக்கத்துக்கு, மரமில்லாத சரிவுக்கு, நகர்ந்துவிட்டது. அங்கே இன்றும் உடைக்கிறார்கள். காற்று திரும்பினால் எங்கள் கூரையில் வெள்ளைத் தூசி படிகிறது. எங்கள் பையன்கள் சிலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிவப்பு நாடாக்களை அவர்களே வந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அன்று எஸலினா வாசலில் நின்று ஒவ்வொருத்தருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

மழை வந்தது. நல்ல மழை. காட்டில் காளான் வெடித்தது. எஸலினா பயந்தபடியே ஆயிற்று. ஒருத்தியும் போகவில்லை. மயானத்துக் காளானைத் தின்றால் செத்தவர்கள் வயிற்றில் வந்து உட்காருவார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்குச் சோளம் தீர்ந்துகொண்டிருந்தது. என் மில் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. தினமும் பூசணி இலை. காலையில் மலை ஏறிப் பார்த்தால் சருகுக்கு நடுவே மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குடை விரித்திருக்கும். மறுநாள் சாயங்காலம் கறுத்துக் கூழாகியிருக்கும். பெண்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. கொடுத்தாகிவிட்டது, கொடுத்ததுதான்.

ஒரு நாள் தூறலில் ஃபலேசி ஆறு தாண்டி வந்தாள். தலையில் கருவாட்டுக் கூடை. எஸலினா வாசலில் இறக்கினாள்.

"என்ன அண்ணி, எளச்சுப் போயிட்டீங்க? காளான் காலமாச்சே?"

எஸலினா சொன்னாள். ஃபலேசி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கருவாட்டை வாழையிலையில் கொட்டிவிட்டு, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். எஸலினா பின்னால் ஓடினாள். செய்தி பரவி, நான் மில்லை நிறுத்திவிட்டுப் போய்ச் சேரும்போது பாதி ஊர் தீக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாரும் கால் வைக்கவில்லை.

ஃபலேசி அண்ணன் மேட்டைச் சுற்றிலும் குனிந்து குனிந்து பறித்தாள். கூடை நிறைந்தது.

"சட்டி கொண்டாங்க. உப்பு, கடலைப் பொடி. யாரு வீட்டுல களி இருக்கோ கொண்டாங்க."

"தாயி," என்றான் ஸகேயு, கோட்டுக்கு வெளியிலிருந்து. "மயானத்துக் காளான் தாயி."

"இது யாரு எடம்?"

"மச்சானோடது."

"அன்னிக்கு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வீட்டுக்காரன் அவன். நான் அவன் கூடப்பொறந்தவ. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளா எங்க அண்ணனுக்குன்னு ஒரு எடம் கிடையாது, நான் போய் உக்காந்து உரிமையா ஒரு வாய் சாப்பிட. வந்தா அண்ணி வீடு, அண்ணி அம்மா வீடு. ஓரமா குந்திட்டுப் போவேன். இப்பதான் அவன் வீட்டுக்கு வந்திருக்கேன். தங்கச்சி அண்ணன் வீட்டுல சாப்பிட யாரைய்யா கேக்கணும்?"

மூன்று கல் வைத்து, பாறை மறைவில் எஸலினாதான் அடுப்பு மூட்டினாள். ஈரச் சுள்ளி புகைந்தது. சட்டி கொதித்தது. அந்த வாசனை கோட்டைத் தாண்டி வந்தது. குழந்தைகள் எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. ஃபலேசி தட்டைப் பாறையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். களியை உருட்டி, காளானில் தோய்த்து, மேட்டைப் பார்த்தாள்.

"வந்துட்டேண்ணா," என்றாள். வாயில் போட்டு மென்றாள்.

எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தோம்.

"உப்பு கம்மி," என்றாள்.

எஸலினா வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கிவைத்தாள்.

ஸகேயு தொப்பியைக் கழற்றினான். குந்தி, கை தட்டினான்.

"மச்சான், நாங்களும் வரலாமா?"

பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு செருப்பைக் கோட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, காலைத் துடைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரிக் கூச்சத்தோடு ஊரே வந்து வரிசையாக உட்கார்ந்தது. எனக்கும் ஒரு கையளவு கிடைத்தது.

உப்பு கம்மிதான்.